குவில்ட் தைக்க இரண்டாவது மெஷின்: 4000 ரான்டுக்குள் எதை வாங்குவது?

சாட்ஸ்வொர்த், டர்பன் (கேட்டவர்):

எல்லோருக்கும் வணக்கம். மின்சாரம் போய்த் திரும்பி வந்த ஒரு மாலையில் என் கம்ப்யூட்டர் தையல் மெஷினின் திரை அணைந்தது. அதற்குப் பிறகு எரியவே இல்லை. பழுது பார்க்கும் கடையில், உள்ளே இருக்கும் மின்னணு போர்டு போய்விட்டது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்கிறார்கள். எப்போது வரும் என்று கேட்டால் பதில் இல்லை.

அக்கா மகளுக்கு டிசம்பரில் கல்யாணம். அவளுக்காக ஷ்வேஷ்வே துணியில் (கஞ்சியோடு விறைப்பாக வரும் நம் ஊர் அச்சுப் பருத்தி) ஒரு பெரிய குவில்ட், அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்து உள்ளே பஞ்சு வைத்த போர்வை, தைத்துக்கொண்டிருக்கிறேன். நீலமும் சாக்லேட் பழுப்புமாகப் பாதிக் கட்டங்கள் முடிந்தாயிற்று. மீதித் துண்டுகள் வெட்டி அடுக்கியபடியே கிடக்கின்றன. அந்த மெஷின் திரும்பி வந்தாலும் சரி, இனி கைவசம் இன்னொன்று இருந்தே ஆக வேண்டும்.

4000 ரான்ட் வரை செலவு செய்யலாம். அந்த விலைக்குப் புதிதாகச் சின்ன பிளாஸ்டிக் மெஷின் வாங்கலாமா, பழைய கறுப்பு சிங்கர் வாங்கலாமா? பக்கத்தில் இரண்டு பழைய சிங்கர்கள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று 99கே, இன்னொன்று 201கே. சனிக்கிழமை வகுப்புக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

தங்கச்சி, முதலில் வேலையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். துண்டுகளை ஒன்றோடொன்று சேர்ப்பது ஒரு வேலை. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பது வேறு வேலை. இரண்டாவதற்குத்தான் ஊசிக்கு வலது பக்கம் நிறைய இடம் வேண்டும், மேலிருந்தும் துணியை நகர்த்தும் வாக்கிங் ஃபுட் வேண்டும், பூ வளைவெல்லாம் போடுவதென்றால் கீழிருந்து துணியை நகர்த்தும் பல் இறங்க வேண்டும். முதல் வேலைக்கு ஒரே ஒரு நேர்த்தையல் போதும். ஆனால் அது வளையாமல் விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் விழ வேண்டும்.

இரண்டாவது மெஷினிடம் முதல் வேலையை மட்டும் எதிர்பாருங்கள். கட்டங்கள் எல்லாம் அதில் முடியட்டும். மூன்றடுக்கு வேலைக்குப் பழுதுக்குப் போன உங்கள் மெஷின் வந்துவிடும். வராமலே போனாலும் கையால் தைக்கலாம், அல்லது கட்டத்துக்குக் கட்டம் முடிச்சுப் போட்டு முடிக்கலாம். நூறு வகைத் தையல் போடும் என்று சொல்லி விற்கும் மலிவு மெஷினுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்த நூறில் ஒன்றுதான் உங்களுக்கு வேண்டியது, அதுவே நேராக வருமா என்பதுதான் கேள்வி.

பார்க்கப் போகும்போது ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைத் துணி வெட்டி எடுத்துப் போங்கள். கால் அங்குலம் விட்டுச் சேர்த்துத் தைத்து, விரித்து அழுத்திவிட்டு அளந்து பாருங்கள். மொத்தம் மூன்றரை அங்குலம், நடுப்பட்டை சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் விளிம்பு அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். அதை துணியை அழுத்தும் ஃபுட் மாற்றியோ, ஊசிக்குக் கீழே உள்ள பிளேட்டில் டேப் ஒட்டியோ சரிசெய்துவிடலாம். பட்டையின் ஒரு முனை ஒரு அளவும் மறுமுனை வேறு அளவுமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள், மெஷின் துணியை ஒரு பக்கமாக இழுக்கிறது.

ஃபீனிக்ஸ்:

அக்கா சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொதுவாகப் பழசுதான் நல்லது என்று பலரும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் துணியில் பூ, இலை வெட்டி ஒட்டித் தைப்பவள், ஜிக்ஜாக் இல்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அந்தப் பழைய சிங்கர்களில் அது கிடையாது. ஊசியும் நடுவிலேயே நிற்கும். புது மெஷின்களில் ஊசியை ஒரு நூல் இடம் வலம் தள்ளலாம், கால் அங்குலம் பிடிக்க அது பெரிய உதவி. பிரதர், எல்னா, எம்பிசால் என எதுவாக இருந்தாலும் குமிழ் திருப்பும் அடிப்படை மாடலாகப் பாருங்கள். திரை இல்லாவிட்டால் கெட்டுப்போக போர்டும் இல்லை. உத்தரவாதச் சீட்டும் கிடைக்கும், ஒரு கையால் தூக்கலாம்.

லெனேசியா (பழைய மெஷின் பழுது பார்ப்பவர்):

அக்கா, நீங்கள் சொன்ன இரண்டும் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தவை. 1980-ல் அதை மூடிவிட்டார்கள். ஆனாலும் ஊசி பிரச்சினை இல்லை, இப்போது கடையில் கிடைக்கும் 130/705 எச் வகை ஊசி அப்படியே பொருந்தும். பாபின் இரண்டுக்கும் ஒன்றுதான், 66 வகை. பக்கங்கள் லேசாக உப்பியிருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் மெஷினுடையது பெரும்பாலும் தட்டையான 15 வகையாக இருக்கும். கலந்து போட்டுவிடாதீர்கள், தனி டப்பா வையுங்கள்.

99கே முக்கால் அளவு, வலது பக்க இடம் குறைவு, பல் பெரும்பாலும் இறங்காது. 201கே முழு அளவு, பல் இறங்கும், தையல் அருமையாக இருக்கும். அது முதலில் வார்ப்பிரும்பில் வந்தது, பிறகு அலுமினியத்தில் வந்தது. ஒரு காந்தத்தை எடுத்துப் போய் உடம்பில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, வகுப்புக்குத் தூக்குவதை மறந்துவிடுங்கள்.

பிளக் போடுவதற்கு முன்பு வயரைக் கையில் எடுத்து மெதுவாக வளையுங்கள். பழைய ரப்பர் உறை வெடித்து உதிர்ந்தால் வயர் மாற்றும் வரை மின்சாரம் கொடுக்கக் கூடாது. மோட்டார் தகட்டில் எத்தனை வோல்ட் என்றும் படியுங்கள். நம் ஊருக்கு 230. அமெரிக்காவிலிருந்து வந்த 110 வோல்ட் மோட்டார் இங்கே புகைந்துவிடும்.

அப்புறம், பிளேட்டைக் கழற்றிப் பல்லுக்கு அடியில் பாருங்கள். டர்பன் கடற்காற்றுக்கு முதலில் அங்கேதான் துரு ஏறும். கைச்சக்கரம் இறுகியிருந்தாலே வேண்டாம் என்று வந்துவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் விட்ட மெஷின் நிறைய வருகிறது, அது உள்ளே காய்ந்து பிசினாகப் பிடித்திருக்கும். பாரஃபின் (மண்ணெண்ணெய்) விட்டு ஊறவைத்துத் துடைத்து, பிறகு தையல் மெஷின் ஆயில் மட்டும் விட்டால் இளகிவிடும்.

2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெடிங் (முறை வைத்து வரும் மின்வெட்டு) பெரும்பாலும் நின்றுவிட்டது, உண்மைதான். ஆனால் கேபிள் திருட்டும் புயல் மழையும் நிற்கவில்லையே. பெல்ட்டில் ஓடும் 99கே-யில் மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஆரக்கால் உள்ள சக்கரம் மாட்டி, கையால் சுற்றும் கைப்பிடி பொருத்தலாம். மோட்டார் உள்ளேயே பல்சக்கரத்தோடு இருக்கும் 201கே-க்கு அது முடியாது. போர்டு உள்ள மெஷினைத் தைத்து முடித்ததும் சுவரிலிருந்தே கழற்றிவையுங்கள். மின்சாரம் திரும்பி வரும் நொடிதான் அதற்கு ஆபத்து.

சாட்ஸ்வொர்த் (கேட்டவர்):

எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் போய்ப் பார்த்தேன். 201கே-யில் காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது, வயரும் உதிர்கிறது. 99கே கைச்சக்கரம் வெண்ணெய் போலச் சுற்றுகிறது, துருவும் இல்லை, மோட்டார் 230-க்கு ஏற்றதுதான். ஆனால் தையலே விழவில்லை. ஊசி இறங்கி ஏறுகிறது, கீழ்நூலைப் பிடிப்பதே இல்லை. உள்ளே ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம் தப்பிவிட்டது, விலையைக் குறைத்துக்கொள்கிறேன் என்கிறார் விற்பவர். எடுக்கலாமா?

லெனேசியா:

ஊசியின் தட்டையான பக்கம் எங்கே பார்க்கிறது அக்கா? புது மெஷின் பழகியவர்கள் பின்பக்கம் பார்க்க மாட்டிவிடுவார்கள். 99கே-யில் தட்டைப் பக்கம் இடது பார்க்க வேண்டும், நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். விலை பேசுவதற்கு முன்பு விற்பவர் கண் முன்னாலேயே திருப்பி மாட்டிப் பாருங்கள், அவருக்கும் தெரியட்டும்.

சாட்ஸ்வொர்த் (கேட்டவர்):

தம்பி, அதேதான்! தட்டைப் பக்கம் பின்னால் பார்த்து இருந்தது. புது ஊசி மாட்டி, நூல் மாற்றிக் கோத்ததும் முதல் சுற்றிலேயே கீழ்நூல் மேலே வந்தது. மூன்று பட்டையும் தைத்து அளந்தேன், மூன்றரைக்கு ஒரு நூல் குறைவு, இரண்டு முனையும் ஒரே அளவு. பிளேட்டில் டேப் ஒட்டியதும் சரியாகிவிட்டது. தையல் மேல் தையல் வரும் தடித்த இடத்திலும், கஞ்சி போகாத ஷ்வேஷ்வேயில்கூட, திணறவில்லை. விற்பவர் முதலில் கேட்ட விலையையே கொடுத்து வாங்கிவிட்டேன், கையிருப்பில் கைப்பிடிக்கும் மிச்சம் இருக்கிறது.

ஒன்றே ஒன்று. துணியின் கஞ்சியை அலசிவிட்டுத் தைப்பதா, அப்படியே தைப்பதா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

பாதிக் கட்டங்களை எப்படித் தைத்தீர்களோ அப்படியே மீதியையும் தையுங்கள் தங்கச்சி. அலசினால் ஷ்வேஷ்வே சுருங்கும், பாதி சுருங்கியதும் பாதி சுருங்காததும் ஒரே குவில்டில் வந்தால் முதல் துவைப்பிலேயே கட்டங்கள் இழுத்துக்கொள்ளும். அடுத்த குவில்டுக்கு வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துணியையும் அலசிவிடுங்கள், நீலம் தனியாக. அப்புறம், 90/14 அளவு ஊசி போடுங்கள். கஞ்சித் தூள் பல்லுக்கு அடியில் சேரும், பாபின் மாற்றும்போதெல்லாம் பிரஷ்ஷால் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள்.