நரி வாயசைக்கிறது, குரல் வரவில்லை: உதவி தேவை

'ஸ்பை ஃபாக்ஸ்' கணினி விளையாட்டு வரிசையின் முதல் ஆட்டம், 1997-இல் ஹியூமங்கஸ் நிறுவனம் வெளியிட்ட 'டிரை சீரியல்', இங்கே யாராவது இப்போதும் ஆடுகிறீர்களா? உலகத்தில் மாட்டுப்பாலே இல்லாமல் செய்து ஆட்டுப்பாலை விற்கப் பார்க்கும் ஓர் ஆட்டை, கோட்டு போட்ட உளவாளி நரி மடக்குமே, அதேதான். (வில்லன் திட்டம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்!)

பழைய சிடியிலிருந்து கோப்புகளை எடுத்து மகளுக்காக ஸ்கம்விஎம்மில் (பழைய ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) போட்டேன். மவுஸால் தட்டினால் நரி நடக்கிறது, இசையும் வருகிறது. பேச்சு மட்டும் இல்லை. "நரிக்குத் தொண்டை கட்டிடுச்சாப்பா?" என்கிறாள்.

சிடியில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். நகலெடுக்கும்போது ஹெச்இ2 என்று முடியும் கோப்பில் நின்றுவிட்டது. குரல் அதில்தான் இருக்கிறதா? கீறலைத் தாண்டி அதை எடுக்க வழி உண்டா? பேஸ்ட் தேய்த்துப் பார்த்தாயிற்று, பலனில்லை.