ரூட்டர் தானாக அணைந்து அணைந்து எரிகிறதா? எங்களுக்கு நடந்தது இது, உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

மூன்று வாரமாக எங்கள் வீட்டு ரூட்டர் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணையும், பிறகு ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். நெட் திரும்பி வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பகலில் ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை. ராத்திரி எல்லாரும் போனும் டிவியுமாக உட்கார்ந்துவிட்டால் அரை மணிக்கு ஒரு தடவை. மகளுக்கு ஆன்லைன் தேர்வு நடக்கும்போது ஒருநாள் இப்படி ஆகி, அவள் அழுதே விட்டாள். அன்றைக்குத்தான் இதற்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

சேவை எண்ணுக்குக் கூப்பிட்டபோது "லைன் நன்றாக இருக்கிறது" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னது சரிதான். லைன் அறுந்து போவது வேறு, ரூட்டரே அணைந்து எழுவது வேறு. லைன் போனால் இன்டர்நெட் விளக்கு மட்டும் அணையும் அல்லது சிவப்பாகும், வைஃபை பெயர் போனில் அப்படியே தெரியும். ரூட்டர் அணைந்தால் வைஃபை பெயரே காணாமல் போகும். இன்னும் உறுதியாகத் தெரிய, ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் லாகின் செய்து 'அப்டைம்', அதாவது கடைசியாக எழுந்ததிலிருந்து எவ்வளவு நேரம் அணையாமல் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். என்னுடையதில் 14 நிமிடம் என்று இருந்தது. ரூட்டர் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் 'லாக்' பக்கத்தைத் திறந்தால் முதல் வரிகளில் தேதி 1970 ஜனவரி 1. முதலில் பயந்துவிட்டேன். பல ரூட்டர்களில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது, எழுந்ததும் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணத் தொடங்கும், நெட் கிடைத்த பிறகுதான் சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும் என்று பிற்பாடு புரிந்தது. பழைய லாக் அழிந்து இந்தத் தேதி வந்திருந்தாலே அது அணைந்து எழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ரூட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன், ஒன்றும் மாறவில்லை. ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தினேன், அதிலும் பயனில்லை. மேலே ஒரு தொல்லை வேறு: இணைப்பின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அழிந்துபோய், அதைத் தேடி எடுத்துப் போட ஒரு மாலை முழுக்கப் போனது. ரீசெட் செய்யும் முன் அமைப்புகளை பேக்கப் எடுத்து வையுங்கள், தயவுசெய்து.

கடைசியில் மாட்டியது அடாப்டர். அதையும் நான் முன்பே மல்டிமீட்டரில் பார்த்திருந்தேன், 12.1 வோல்ட் காட்டியது, நல்லது என்று விட்டுவிட்டேன். எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கும் என் தம்பிதான், "லோடு இல்லாமல், அதாவது எதையும் ஓட்டாமல் அளந்தால் பழுதான அடாப்டரும் 12 காட்டும் அக்கா, ரூட்டர் ஓடும்போது அள" என்றான். அடாப்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் திருகு வைத்த டிசி ஜாக் ஒன்றைக் கோத்து, அந்தத் திருகுகளில் அளந்தோம். ரூட்டர் சும்மா இருக்கும்போது 11.7. இரண்டு போனிலும் டிவியிலும் வீடியோ ஓடவிட்டதும் 10.6, 10.2 என்று இறங்கி, 9 சொச்சத்தைத் தொட்ட நொடியில் விளக்கெல்லாம் அணைந்தன. ராத்திரி மட்டும் ஏன் அடிக்கடி அணைந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு தம்பி அதைப் பிரித்துக் காட்டினான். உள்ளே ஒரு கெப்பாசிட்டரின் மேல்மூடி தட்டையாக இல்லாமல் குமிழ் போல உப்பி, அடியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. நீங்கள் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். புதிதாக வாங்கும்போது வோல்ட் அச்சாக அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். பழையது 12 வோல்ட் 1.5 ஆம்பியர், நான் வாங்கியது 12 வோல்ட் 2 ஆம்பியர். லேபிளில் வட்டத்துக்குள் பிளஸ், மைனஸ் போட்ட படம் இருக்கும், அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது அப்டைம் 19 நாள்.

மறுமொழி

அக்கா, நானும் புது அடாப்டர் வாங்கினேன், வோல்ட், ஆம்பியர் எல்லாம் பொருத்தம்தான். ஆனாலும் மேசையைத் துடைத்தால் அணையும், கதவை அடித்துச் சாத்தினால் அணையும். பார்த்தால் ரூட்டரில் செருகும் பின்னின் அளவு வேறு. வெளியே இரண்டும் 5.5 மில்லிமீட்டர், உள் துளை மட்டும் ரூட்டருக்கு 2.1, நான் வாங்கியதற்கு 2.5. வெளிப் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. செருகிய பிறகு லேசாக ஆட்டிப் பாருங்கள், விளக்கு சிமிட்டினால் அதுதான்.

மறுமொழி

எங்கள் வீட்டில் சூடுதான் காரணம். டிவி அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸ் மேலேயே வைத்து, தூசி படாமல் இருக்க ஒரு துணியும் போட்டிருந்தோம். மதியம் ஆனால் அணையும். வெளியே எடுத்து நேராக நிற்க வைத்தோம், அவ்வளவுதான், சரியாகிவிட்டது.

மறுமொழி

ரூட்டரின் யூஎஸ்பி துளையில் ஹார்டு டிஸ்க் போட்டிருப்பவர்கள் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் கொடுத்தால் போதும் என்பதுதான் கணக்கு. சுழலும் டிஸ்க் கிளம்பும்போது அதைவிட அதிகமாக இழுக்கும். நான் படம் பார்க்க உட்காரும்போதெல்லாம் ரூட்டர் படுத்தது இதனால்தான். தனியாக மின் இணைப்பு உள்ள டிஸ்க்குக்கு மாறிய பிறகு தொல்லை இல்லை.

மறுமொழி

என்னுடையது தினமும் சரியாக விடியற்காலை 4 மணிக்கு அணைந்து எழும். நிமிடம் தவறாமல் அணைகிறது என்றால் பழுதாக இருக்காது என்று தோன்றி அமைப்புகளைத் தேடினேன். 'தானாக மறுதொடக்கம்' என்று ஒரு வசதி ஆனில் இருந்தது.

மறுமொழி

அக்கா, எனக்கு இதில் எதுவும் பொருந்தவில்லை. அடாப்டரை மாற்றிவிட்டேன், பின் இறுக்கம், சூடு இல்லை. ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது அணைகிறது. இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் இருக்கின்றன. யூபிஎஸ் வாங்கிவிடட்டுமா?

மறுமொழி

தம்பி, அவசரப்பட வேண்டாம். அடாப்டர் லேபிளில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும், ஃபிரிட்ஜ் கிளம்பும்போது வரும் சின்ன இறக்கத்தை அது தாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த பாக்ஸ் மீதுதான் எனக்குச் சந்தேகம். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லா பிளக்கையும் பிடுங்கிப் பாருங்கள். ஃபிரிட்ஜை எப்படியும் சுவர் சாக்கெட்டிலேயே நேராகக் கொடுத்துவிடுங்கள், அதை எக்ஸ்டென்ஷனில் ஓட்டுவது நல்லதில்லை.

மறுமொழி

பார்த்துவிட்டேன் அக்கா. சுவரில் செருகும் பிளக்கின் ஒரு பின் பாதிவரை கறுத்து, பக்கத்துப் பிளாஸ்டிக் இளகி உருகியிருந்தது. தொட்டபோது இன்னும் சூடாக இருந்தது. பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டேன், ஃபிரிட்ஜுக்குத் தனி சாக்கெட், ரூட்டருக்குத் தனி. நாளைக்கு எலக்ட்ரீஷியன் வந்து அந்தச் சுவர் சாக்கெட்டையும் மாற்றப் போகிறார். இன்று காலையிலிருந்து ஃபிரிட்ஜ் ஏழெட்டு தடவை ஓடி நின்றது, ரூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை.