எஃப்ஜிடி போட்டா கார்பன் கூடுமாமே, கணக்கு ஒத்து வருதா?

விழுப்புரம்_மெக்:
செமினாருக்கு அனல்மின் நிலைய மாசு டாபிக் எடுத்துருக்கேன். 2015 டிசம்பர்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சல்பர் டை ஆக்சைடுக்கு லிமிட் கொண்டு வந்தாங்க, 500 மெகாவாட்டுக்கு கீழ உள்ள யூனிட்டுனா கன மீட்டர் புகைக்கு 600 மில்லிகிராம், 500ம் அதுக்கு மேலயும்னா 200, 2017லருந்து வர்ற புது யூனிட்டுக்கு 100. ரெண்டே வருஷத்துல முடிக்கணும்னு சொன்னது தள்ளித் தள்ளி போய், 2025 ஜூலைல முக்கால்வாசிக்கும் மேல உள்ள யூனிட்டுக்கு எஃப்ஜிடியே (புகைலருந்து சல்பர் டை ஆக்சைட சுண்ணாம்புக்கல் கரைசல் மாதிரி ஒண்ண வச்சு கழுவி எடுக்கற மெஷின்) வேண்டாம்னு விட்டாச்சு. அதுக்கு சொல்ற காரணத்துல ஒண்ணு மட்டும் இடிக்குது. எஃப்ஜிடி ஓட்ட கரண்ட் செலவாகும், சுண்ணாம்புக்கல்லுலருந்து கார்பன் டை ஆக்சைடு வரும், அதனால புவி வெப்பம் கூடும்னு. பிளான்ட்ல இருக்கற அண்ணன்மாருங்க யாராவது சொல்லுங்களேன், அது எவ்ளோ பெரிய விஷயம்?

பாய்லர்_ஷிஃப்ட்:
தம்பி, நீயே போட்டு பாக்கலாம். 500 மெகாவாட் யூனிட் ஃபுல் லோடுல ஓடுனா மணிக்கு ஏறக்குறைய 325 டன் நிலக்கரி. நம்ம நாட்டு நிலக்கரில சல்பர் கம்மி, 0.4 சதவீதம்னு வச்சுக்கோ, அப்ப 1.3 டன் சல்பர், எரிஞ்சா அதுவே 2.6 டன் சல்பர் டை ஆக்சைடு. ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறுனு சுண்ணாம்புக்கல்லுலருந்து வர்ற கார்பன் டை ஆக்சைடு 1.8 டன் கிட்ட. அதே சிம்னில நிலக்கரி எரிஞ்சு மட்டுமே மணிக்கு 450 டன்னுக்கு மேல போய்ட்டு இருக்கு! அப்புறம் ஸ்லரி பம்ப், பூஸ்டர் ஃபேன், கல்லு அரைக்கிற மில்லு எல்லாம் சேத்து உற்பத்தில 1லருந்து 1.5 சதவீதம் தின்னும். எல்லாத்தையும் கூட்டினாலும் 2 சதவீதத்த தாண்டாது.

இதவிட பெருசா போறது வேற எடத்துல. பகல்ல சோலார் வந்ததும் லோட 55 சதவீதத்துக்கு இறக்குன்னு போன் வரும், அப்ப ஹீட் ரேட் (ஒரு யூனிட் கரண்டுக்கு எவ்ளோ சூடு செலவாகுதுங்கற கணக்கு) கெடுறது எஃப்ஜிடி தின்றத விட அதிகம். ஏர் ப்ரீஹீட்டர் சீல் தேஞ்சு காத்து லீக் ஆகும், கண்டென்சர் டியூப்ல அழுக்கு படிஞ்சு வேக்கம் விழும், இதுலயும் நிலக்கரி வீணாத்தான் எரியும், மாசக்கணக்குல அப்படியே ஓடும், அதுக்கு யாரும் புவி வெப்பம்னு பேசறதில்ல. பழைய 210 மெகாவாட் யூனிட்ட மூடிட்டு அதே கரண்ட சூப்பர்கிரிட்டிகல்ல (அதிக அழுத்தத்துல ஓடி நிலக்கரி கம்மியா எரிக்கற புது வகை யூனிட்) எடுத்தா மிச்சமாகறத வச்சு எத்தன எஃப்ஜிடி வேணாலும் ஓட்டலாம். செலவு ஜாஸ்தின்னு சொல்லு, ஒத்துக்கறேன், மெகாவாட்டுக்கு கோடில பேசற சமாச்சாரம். கார்பன இழுக்காத.

கழிமுகம்:
நான் எண்ணூர் பக்கம். நீங்க எல்லாம் சல்பர்ல நிக்கறீங்க, இங்க மொட்டை மாடில காயப்போட்ட துணிய உதறுனா சாம்பல் கொட்டும். சாம்பல் குழாய் உடைஞ்சு கழி முழுக்க சாம்பச் சேறு, எறா பிடிக்கறவங்க முழங்கால் அளவு அதுல நின்னுதான் தடவிட்டு இருக்காங்க. எஃப்ஜிடி வந்தா இதெல்லாம் நிக்குமா?

பாய்லர்_ஷிஃப்ட்:
நிக்காதுங்க. சாம்பல பிடிக்கறது ஈஎஸ்பி (மின்புலம் வச்சு புகைலருந்து தூசிய இழுக்கற மெஷின்) வேல, அதுல ஒரு ஃபீல்டு ட்ரிப் ஆனா உடனே புகை கறுக்கும். குழாய் உடையறது சுத்தமா பராமரிப்பு விஷயம், அதுக்கு புது மெஷினும் வேண்டாம் புது ஆராய்ச்சியும் வேண்டாம், நேரத்துக்கு குழாய மாத்துனா போதும்.

தரவுப்பூச்சி:
மெக் ப்ரோ, கார்பன் கணக்கு செட்டில் ஆயிடுச்சு. ஆனா விலக்குக்கு முக்கியமா சொல்ற வாதம் அது இல்ல. ஊர்க் காத்துல சல்பர் டை ஆக்சைட அளந்து பாத்தா பெரும்பாலான எடத்துல 24 மணி நேர லிமிட்டான 80 மைக்ரோகிராமுக்குள்ளதான் இருக்கு, அப்புறம் எதுக்கு இவ்ளோ செலவுங்கறாங்க. உண்மையும் கூடத்தான், ஏன்னா 500 மெகாவாட் யூனிட்டுக்கு சிம்னியே 275 மீட்டர், வாயு மேல போய் கலைஞ்சுடும். ஆனா கலைஞ்ச வாயு எங்க போகுது? காத்துல போகப் போக அமோனியாவோட சேந்து சல்பேட் துகளா மாறும், பல நூறு கிலோமீட்டர் தள்ளி வேற ஊர் பிஎம் 2.5 (காத்துல உள்ள நுண்துகள்) கணக்குல ஏறும். சிம்னி பக்கத்துல மீட்டர் வச்சு பாத்தா இது தெரியவே தெரியாது. வாதம் மொத்தமும் இந்த ஓட்டைலதான் நிக்குதுன்றது என் அபிப்ராயம்.

2017ல சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்ல ஒரு பேப்பர் வந்துச்சு, சாட்டிலைட் தரவு வச்சு. 2007லருந்து சைனா சல்பர் டை ஆக்சைடு 75 சதவீதம் இறங்கியிருக்கு, நம்மளுது 50 சதவீதம் ஏறியிருக்கு. சைனால நிலக்கரிய எரிக்கறத ஒண்ணும் விட்டுடல, எஃப்ஜிடிய மாட்டி ஒழுங்கா ஓட்டுனாங்க. செமினார்ல அத முதல் ஸ்லைடா போடு.

விழுப்புரம்_மெக்:
சூப்பர், ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னொண்ணு, எஃப்ஜிடில சல்பர் டை ஆக்சைடு சுண்ணாம்புக்கல்லோட சேந்து வர்ற ஜிப்சத்த என்ன பண்ணுவாங்க? கடற்கரை பிளான்ட்டுக்கு அவ்ளோ சுண்ணாம்புக்கல் எங்கருந்து வரும்?

பாய்லர்_ஷிஃப்ட்:
நான் சொன்ன யூனிட்டுக்கு மணிக்கு 7 டன் ஜிப்சம் வரும், சுத்தமா இருந்தா சிமென்ட் கம்பெனி வாங்கிக்கும், இல்லைனா அதுவும் ஒரு மேடாத்தான் நிக்கும். கடல் ஓரம்னா சுண்ணாம்புக்கல்லே தேவையில்ல, கடல் தண்ணிக்கு இருக்கற காரத்தன்மையே போதும். மும்பை ட்ராம்பேல ரொம்ப காலமா அப்படித்தான் ஓட்டுறாங்க. தண்ணிய திரும்ப கடல்ல விடறதுக்கு முன்னாடி காத்து ஊதி அமிலத்தன்மைய குறைச்சு பிஎச் ஏத்தணும், அதுல சோம்பேறித்தனம் பண்ணா மீனுக்கு கேடு.

கழிமுகம்:
அந்தக் கடைசி வரிய பெரிய எழுத்துல போடு தம்பி.