ஐப்பசி மழைக்கு முன் வீட்டில் எதை முதலில் சரிசெய்வது? பட்ஜெட் 60,000

மடிப்பாக்கம்_வீடு:
வணக்கம். தரைத்தளம், முதல் மாடி கொண்ட தனி வீடு, கட்டி 22 வருடம். மொட்டை மாடி 25-க்கு 40 அடி. பாதிக்கு இரும்புக் கால் நிறுத்தி ஷீட் போட்டிருக்கிறது, மீதி தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்தது. தண்ணீர் இறங்க 4 அங்குலக் குழாய் ஒன்று, 3 அங்குலக் குழாய் ஒன்று. பெருமழையில் முதல் மாடி அறையில் சுவரும் கூரையும் சேரும் மூலையில் ஈரம் இறங்குகிறது. ஷீட் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கிறது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் கீழ்த்தளக் கழிவறைக் கோப்பையில் சாக்கடை எதிர்த்து வருகிறது. மாடி முழுக்க வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்க 45,000 கேட்கிறார்கள். அதைச் செய்தால் மற்றதற்குக் காசு இருக்காது. என்ன செய்யலாம்?

சிவில்_குரோம்பேட்டை:
முழு மாடிக்கும் பெயிண்ட் இப்போது வேண்டாம் சார். ஈரம் மூலையில் தெரிகிறதென்றால் பெரும்பாலும் கைப்பிடிச்சுவர் தளத்தில் வந்து உட்காரும் இணைப்புதான் காரணம். வெயிலில் தளம் விரியும், மாலை மழையில் சட்டென்று சுருங்கும். சுவர் அதே அளவு நகராது. தலைமுடி அளவுக்கு ஒரு கோடு பிளந்துகொள்ளும், அது போதும்.

முதலில் சோதித்துவிடுங்கள். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி சாந்தால் சின்ன வரப்பு கட்டி, உள்பக்கம் மட்டும் 2 அங்குலம் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். கீழே காய்ந்தே இருந்தால் தட்டோடு நன்றாக இருக்கிறது. பிறகு வரப்பை உடைத்து, தண்ணீர் சுவரைத் தொடும்படி விடுங்கள். அப்போது ஈரம் வந்தால் இணைப்புதான், சந்தேகமே இல்லை.

இணைப்பு விரிசலை கட்டரால் அரை அங்குல ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தூசி போகக் கழுவவும். எஸ்.பி.ஆர். லேட்டக்ஸும் (பால் போன்ற செயற்கை ரப்பர் திரவம்) சிமெண்டும் குழைத்துத் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே 1-க்கு 3 சிமெண்ட்-மணல் கலவையை அழுத்தவும் (50 கிலோ மூட்டைக்கு 5 லிட்டர் லேட்டக்ஸ் கணக்கு). நிறைய இடத்தில் வேலை கெடுவது இங்கேதான்: காலையில் இந்த லேட்டக்ஸ் பாலைத் தடவிவிட்டு, சாப்பிட்டு வந்து கலவை வைப்பார்கள். காய்ந்த பால் மேல் கலவை பிடிக்காது, அடுத்த கோடையில் அப்பளம் மாதிரி உரிந்து வரும். மூலையில் 2 அங்குலத்துக்குச் சாய்வாக நிரப்பி, 3 நாள் ஈரம் காத்து, நன்றாக உலர்ந்தபின் ஃபைபர் வலை பதித்து அக்ரிலிக் பூச்சு இரண்டு கோட்: சுவரில் 9 அங்குலம், தளத்தில் 9 அங்குலம். உங்கள் மாடியின் சுற்றளவு 130 அடி. பூச வேண்டியது 200 சதுர அடிக்குள் முடிந்துவிடும், 1,000 அல்ல.

அடுத்தது குழாய். மணிக்கு 10 சென்டிமீட்டர் மழையில் 4 அங்குலக் குழாய் ஏறக்குறைய 450 சதுர அடித் தண்ணீரை இறக்கும். 3 அங்குலம் அதில் பாதிதான். உங்களிடம் இருப்பது 1,000 அடிக்குப் போதாது, இன்னொரு 4 அங்குலக் குழாய் கட்டாயம். குழாய் அடைத்து மாடியில் 10 சென்டிமீட்டர் நின்றால் அது 9 டன்னுக்கு மேல் பாரம். குழாய் வாயில் உள்ள தட்டையான ஜாலியை ஒரே ஒரு பாதாம் இலை மூடிவிடும், குமிழ் ஜாலி போடுங்கள். கைப்பிடிச்சுவரில் தளத்திலிருந்து 3 அங்குல உயரத்தில் வெளிப்பக்கம் ஒரு துளையும் விடுங்கள். குழாய் அடைத்தாலும் தண்ணீர் அதுவழியே கொட்டிவிடும்.

ஷெட்_வேலை_அம்பத்தூர்:
ஷீட் படபடக்கிறது என்றால் அதை இந்த வாரமே பாருங்கண்ணே. சென்னைக்கு கட்டட வடிவமைப்பில் எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ விசை. உங்கள் 500 சதுர அடிக்கு 7 டன் வரும், ஓரங்களில் இன்னும் கூடும். ஷீட்டின் எடையோ கால் டன்கூட இல்லை. ஆகவே அதைப் பிடித்து வைப்பது எடை இல்லை, ஸ்க்ரூவும் காலும்தான்.

ஸ்க்ரூ தலைக்கடியில் இருக்கும் ரப்பர் வாஷரை நகத்தால் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் அத்தனையையும் மாற்றவும். பழைய துளை பெருத்திருந்தால் ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ. விளிம்பில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரைதான் முடுக்கணும், அதற்கு மேல் போனால் கிழிந்து ஒழுகும்.

கால் எங்கே நிற்கிறது என்று எழுதவில்லை. நாலரை அங்குலக் கைப்பிடிச்சுவர் மேல் என்றால் ஷீட் பறக்கும்போது சுவரையும் பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டில் விழும். தட்டோட்டின் மேல் என்றால் போல்ட் நீளத்தைப் பாருங்கள்: 3 அங்குல போல்ட் அடியிலுள்ள செங்கல் ஜல்லி சுண்ணாம்பிலேயே நின்றுவிடும், கான்கிரீட்டைத் தொடாது. அந்த இடத்தில் ஜல்லியை எடுத்துவிட்டு, பீம் மேல் சின்னக் கான்கிரீட் பீடம் கட்டி, 8 மி.மீ. தகட்டில் நான்கு 12 மி.மீ. ஆங்கர் போல்ட் போடவும். ஓரத்தில் ஷீட் ஒரு அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிடவும். சாரலுக்குக் கட்டிய பச்சை வலை, ஃப்ளெக்ஸ் எல்லாவற்றையும் புயல் எச்சரிக்கை வந்ததும் அவிழ்த்துவிடுங்கள், அவை பாய்மரம் மாதிரி இழுக்கும்.

பிளம்பிங்_வேளச்சேரி:
சாக்கடை எதிர்த்து வருவதற்கு நான்-ரிட்டர்ன் வால்வுதான் (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் மடல் வால்வு). காம்பவுண்டுக்குள் கடைசி சேம்பரில் (சாக்கடைத் தொட்டியில்), தெருக் குழாய்க்குப் போகும் பக்கம், அம்புக்குறி தெருவைப் பார்க்க. கை விட்டு எடுக்கிற மாதிரி வைக்கணும், மண்ணில் புதைக்கக் கூடாது. துணியோ முடியோ சிக்கினால் மடல் மூடாது, மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்.

ஒன்று கவனியுங்கள்: தெருவில் தண்ணீர் நிற்கும்போது வால்வு மூடியே இருக்கும். அப்போது மாடியில் ஃப்ளஷ் செய்தால் அது உங்கள் கீழ்த்தளக் கோப்பையிலேயே பொங்கும். வடியும்வரை மேலேயும் தண்ணீர் ஊற்றாதீர்கள். மாடி மழைக்குழாய் சாக்கடை சேம்பரில் சேர்ந்திருந்தால் அதை முதலில் பிரித்து மழைநீர்க் குழிக்குத் திருப்புங்கள். இல்லாவிட்டால் வால்வு போட்டும் பயனில்லை.

மடிப்பாக்கம்_வீடு:
மூவருக்கும் மிக்க நன்றி. இணைப்பு, குழாய், ஸ்க்ரூ, வால்வு என்று வரிசை வைத்துக்கொள்கிறேன். காலும் தட்டோட்டின் மேல்தான், போல்ட்டைக் கழற்றிப் பார்க்கிறேன். மாடியில் 1,000 லிட்டர் சின்டெக்ஸ், கீழே சம்ப் (தரைக்கடித் தொட்டி). புயல் அன்று காலியாக வைப்பதா, நிரப்புவதா?

பிளம்பிங்_வேளச்சேரி:
இரண்டையும் நிரப்புங்கள். காலி சின்டெக்ஸைக் காற்று உருட்டிவிடும், நிரம்பினால் ஒரு டன். காலி சம்பை நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளி, தரையைப் பிளந்துவிடும். சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்தால் சுற்றிலும் ஒன்றரை அடிக்குக் கழுத்து கட்டி உயர்த்துங்கள்.

சிவில்_குரோம்பேட்டை:
இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வாசற்படியைத் தொடும்போதே, கால் நனையாமல் நின்று மெயினை இறக்கிவிடுங்கள். கூடவே இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்க வேண்டும். மெயின் இறங்கினாலும் பேட்டரியிலிருந்து கீழ்த்தளப் பிளக்குகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும்.