மெக்கானிக்கல் முடித்துவிட்டேன், பெங்களூரில் ட்ரெயினி இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராவது?

சேலம்_மெக்:
எல்லாருக்கும் வணக்கம். இந்த வருடம் சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். கேம்பஸுக்கு வந்தது பெரும்பாலும் ஐடி கம்பெனிகள், எனக்கோ மெஷின் பக்கம்தான் போக வேண்டும் என்று ஆசை, அதனால் அல்சூரில் சித்தி வீட்டில் தங்கி விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன். பொம்மசந்திராவில் மெஷின் டூல் (லேத் மாதிரி உலோகத்தை வெட்டிச் செதுக்கும் மெஷின்) செய்கிற ஒரு கம்பெனியில் கிராஜுவேட் இன்ஜினியர் ட்ரெயினி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். காலையில் ஆப்டிட்யூட் தேர்வு, தேறினால் அன்றைக்கே டெக்னிக்கல், அப்புறம் எச்ஆர். நான்கு வருடப் பாடத்தையும் திரும்பப் படிக்க நேரமில்லை, எதைப் பிடிப்பது, எதை விடுவது? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேங்காய் மட்டை உரிக்கும் மெஷின், குழுவாகச் செய்தோம், ஷாஃப்டும் (சுற்றும் தண்டு) கியர் பாக்ஸும் என் பங்கு. பள்ளி முழுக்கத் தமிழ் மீடியம், ஆங்கிலத்தில் எழுதிவிடுவேன், பேசும்போதுதான் திணறுகிறது.

பீன்யா_டிசைனர்:
தம்பி, முதலில் ப்ராஜெக்டைக் கையில் எடு. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உன்னைப் பற்றித் தெரிந்தது அந்த ஒரு பக்க ரெஸ்யூமே மட்டும்தான், அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார். மோட்டார் எவ்வளவு என்பார். 1 எச்பி, 1440 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். 746 வாட்டைக் கோண வேகத்தால் வகுத்தால் டார்க், அதாவது திருகு விசை, கிட்டத்தட்ட 5 நியூட்டன் மீட்டர். 20க்கு 1 கியர் பாக்ஸ் போட்டால் ஷாஃப்ட் 72 ஆர்பிஎம்மில் சுற்றும், இழப்பை விட்டுவிட்டால் டார்க் 100 பக்கம் வரும். 25 மில்லிமீட்டர் ஷாஃப்டில் அது சுமார் 32 மெகாபாஸ்கல் ஷியர் ஸ்ட்ரெஸ் (வெட்டுத் தகைவு). இதை மைல்டு ஸ்டீலே தாங்குமே, எதற்கு அதைவிட வலுவான இஎன்8 ஸ்டீல் போட்டாய் என்று அடுத்து கேட்பார், பையன்கள் முழிப்பது இந்த இடத்தில்தான். மட்டை உரிக்கும் ட்ரம்மின் எடையால் வரும் பெண்டிங் (வளைவு), கீவே (சாவி உட்காரும் காடி) வெட்டிய இடத்தில் ஸ்ட்ரெஸ் கூடுவது, மட்டை சிக்கும்போது வரும் திடீர்ச் சுமை, சுற்றிக்கொண்டே இருப்பதால் வரும் ஃபடீக் (உலோகச் சோர்வு), இதையெல்லாம் நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். கடையில் அதுதான் கிடைத்தது என்பது உண்மையானால் அதையே சொல்லிவிட்டு, அது போதுமா என்று சரிபார்த்த கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டு. உன் மெஷினின் உண்மையான எண்களை வைத்து இன்றைக்கே உட்கார்ந்து போடு, மனப்பாடம் செய்யாதே.

மற்றவர்கள் செய்த பகுதியையும் கேட்டுத் தெரிந்துகொள், ஆனால் நான் செய்தேன் என்று சொல்லாதே. இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஹோசூர்ரோடு_அக்கா:
நான் எங்கள் கம்பெனியில் ட்ரெயினி இன்டர்வியூக்களில் உட்காருகிறவள். மேலே சொன்னது அத்தனையும் சரி, அதோடு சில அடிப்படைகள் கட்டாயம் வேண்டும். கேன்டிலீவர் (ஒரு முனை மட்டும் பொருத்திய உத்திரம்) நுனியில் ஒரு சுமை வைத்தால் ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமென்ட் படம் வரையத் தெரிய வேண்டும். திருகினால் மைல்டு ஸ்டீல் தண்டு நேராக உடையும், வார்ப்பிரும்பு சாய்வாக உடையும், ஏன் என்று கேட்போம் (சாக்பீஸைத் திருகி உடைத்துப் பார், 45 டிகிரியில் சாய்ந்து உடைவது கண்ணுக்கே தெரியும்). மைல்டு ஸ்டீல் ஷியரில் பலவீனம், வார்ப்பிரும்பு இழுவிசையில், விடை அவ்வளவுதான். நீ போவது மெஷின் டூல் கம்பெனி, அதனால் மெஷினின் அடிப்பாகமான பெட் ஏன் வார்ப்பிரும்பில் செய்யப்படுகிறது, பால் ஸ்க்ரூ (குண்டுகள் உருளும் திருகு) ஏன், பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு) என்றால் என்ன, இதையெல்லாம் விடாதே. அதிர்வை உள்வாங்கும் குணத்துக்காகத்தான் வார்ப்பிரும்பு. ஃபிட், அதாவது துளையில் தண்டு எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்பது பற்றியும் கேட்பார்கள். 25 மில்லிமீட்டரில் எச்7/ஜி6 என்றால் துளைக்கும் தண்டுக்கும் நடுவே குறைந்தது 7 மைக்ரான் இடைவெளி, அதனால் வழுக்கி நகரும் என்று சொல்லத் தெரிந்தால் போதும். ட்ராயிங்கைக் கையில் கொடுத்தால் முதலில் ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்டு ஆங்கிளா (காட்சிகளை அடுக்கும் இரண்டு முறைகள்) என்று பார்.

ஆங்கிலத்துக்கு ஒரே வழி, ப்ராஜெக்டை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது, சித்தி வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்தாவது. தடுமாறினால் பேப்பரை இழுத்துப் படம் போட்டு விளக்கு, நாங்கள் அதற்கு மதிப்பெண் குறைப்பதில்லை, சொல்லப்போனால் பேச்சை விடப் படத்தைத்தான் நம்புவோம். ரெஸ்யூமேயில் சாலிட்வொர்க்ஸ் (கணினியில் வடிவமைக்கும் மென்பொருள்) என்று எழுதியிருந்தால் லேப்டாப்பைத் திறந்து ஒரு பிராக்கெட் போடச் சொல்வதும் உண்டு.

ஜாலஹள்ளி_ரவி:
இதோடு நிற்காதே தம்பி. கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) எழுதியிருந்தால் மதிப்பெண் 3 வருடம் செல்லும், பொதுத்துறை நிறுவனங்கள் சில அதை வைத்து எடுக்கின்றன, பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) மாதிரி சொந்தமாகத் தேர்வு வைப்பதும் உண்டு. மத்திய அரசின் அப்ரென்டிஸ் திட்டத்தில் பட்டதாரிகளுக்கு ஒரு வருடப் பயிற்சி இருக்கிறது, உதவித்தொகையும் தருவார்கள். ஷாப் ஃப்ளோரில் கை வைத்துக் கற்றுக்கொள்ள நல்ல வழி, வேலை உறுதி என்று மட்டும் நினைத்துப் போகாதே.

வேலைக்கு டெபாசிட் கட்டு என்று யாராவது மெயில் போட்டால் பதிலே எழுதாதே.

சேலம்_மெக்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன், எங்கள் ஷாஃப்டில் பெண்டிங்தான் டார்க்கை விடப் பெரிதாக வருகிறது, பேரிங் இரண்டும் தள்ளித் தள்ளி இருப்பதால். இன்னும் இரண்டு சந்தேகம். சேர்ந்தால் 2 வருட ஒப்பந்தம் என்று மெயிலில் போட்டிருக்கிறார்கள், எச்ஆரிடம் அதைக் கேட்கலாமா? அல்சூரிலிருந்து காலை 9 மணிக்குள் பொம்மசந்திரா போக எது நல்ல வழி?

பீன்யா_டிசைனர்:
பேரிங்கை நெருக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதையும் போட்டு வை, கண்டிப்பாகக் கேட்பார்கள். வழிக்கு மெட்ரோதான். ஹலசூரு (அல்சூர்தான்) நிலையத்தில் ஏறி மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறு, ஆர்வி ரோட்டில் மஞ்சள் தடம், கடைசி வரை போ. பஸ்ஸில் போனால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொள்வாய்.

ஹோசூர்ரோடு_அக்கா:
தாராளமாகக் கேள், எச்ஆர் சுற்றின் கடைசியில். நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், பயிற்சிக் காலமும் அந்த 2 வருடத்தில் சேருமா, இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்கு. அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வராதே. நகல் இரண்டு செட் எடுத்துப் போ.