ஒட்டிய மரவளையம் அச்சிலிருந்து கழட்டியதும் விரிகிறது, உதவி தேவை

உப்புவெளித் தச்சு:
வணக்கம். என் அப்பா ஓடாவி. அவருடைய பட்டறையில் மிஞ்சும் தேக்குத் துண்டுகளில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்து கொடுக்கிறேன். இந்த முறை ஒரு புதிர். மூன்று மரவளையங்கள், எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்றோடொன்று கொளுவியிராது, ஆனால் மூன்றும் சேர்ந்தால் பிரியாது, ஒன்றைக் கழட்டினால் மற்ற இரண்டும் தானாக விலகிவிடும். பொரோமியன் வளையங்கள் என்று சொல்வார்கள். பிள்ளை தானே கழட்டிப் பூட்ட வேண்டும் என்பதால் ஒவ்வொரு வளையத்திலும் 8 மில்லிமீற்றர் வாய் விடுகிறேன். வளையத்தின் தடிப்பு 6 மில்லிமீற்றர், ஆகவே சரியான இடத்தைக் கண்டுபிடித்தால்தான் ஒன்று மற்றதன் வாய்க்குள்ளால் நுழையும்.

செய்த விதம்: 2 மில்லிமீற்றர் தடிப்பில் சீவிய தேக்குப் பட்டை மூன்று, சுடுநீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்ட அச்சில் வளைத்து, அன்றைக்கே வெள்ளைப் பசை பூசி, பழைய சைக்கிள் ரியூப்பைக் கீறி இறுக்கிச் சுற்றிவிட்டேன். மூன்று நாள் கழித்துக் கழட்டினால் வாய் 24 மில்லிமீற்றர் விரிந்து நிற்கிறது, வளையங்கள் தானாகவே கழன்று விழுகின்றன. இரண்டு வளையங்களில் வாயோரம் பட்டை பிரிந்து, நகம் போகிற அளவுக்கு இடைவெளி. உள்ளே பார்த்தால் பசை பால் போல வெள்ளையாகவே இருக்கிறது, காயவே இல்லை. இன்னொரு விஷயம், மூன்றையும் சேர்த்து வைத்தால் எப்போதும் ஒன்று முறுக்கிக்கொண்டுதான் நிற்கிறது. அதுவும் விரிவதால்தானா?

கிண்ணியாப் பட்டறை:
தங்கச்சி, பசை வெள்ளையாக இருக்கிறது என்று எழுதினீர்களே, விஷயம் அதில்தான். வெள்ளைப் பசை காய்வதென்றால் அதிலுள்ள தண்ணீரை மரம் உறிஞ்ச வேண்டும். ஏற்கனவே தண்ணீர் குடித்த மரம் எப்படி உறிஞ்சும்? அதுவும் மார்கழி மழைக்குள். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இதையே செய்திருந்தால் கொஞ்சம் தப்பியிருக்கலாம், ஆனாலும் பிழை பிழைதான். ஊறவைத்து வளைப்பது ஒரு வேலை, ஒட்டுவது வேறு வேலை. வளைத்த பட்டையைப் பசையில்லாமல் அச்சிலேயே கட்டி, இந்த மழைக்கு நாலைந்து நாளாவது நிழலில் காயவிடுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகுதான் பசை.

அடுத்தது பட்டையின் தடிப்பு. ஒரு தனிப்பட்டையை வளைத்து விட்டால் எவ்வளவு நிமிருமோ, மூன்று ஒட்டினால் கிட்டத்தட்ட அதில் 9இல் ஒரு பங்கும், ஆறு ஒட்டினால் 36இல் ஒரு பங்கும்தான் நிமிரும் என்பது வளைத்து ஒட்டுகிறவர்களின் கணக்கு. அதனால் அதே 6 மில்லிமீற்றரை 1 மில்லிமீற்றர் பட்டை ஆறாகச் செய்யுங்கள். சீவ நேரம் எடுக்கும், ஆனால் பலன் அங்கேதான்.

வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் கொஞ்சம் றப்பர் மாதிரி இருக்கும், இழுவிசை விடாமல் இருந்தால் மெல்ல மெல்ல வழுகும். எபொக்சி வாங்குங்கள், இரண்டு பாகங்களைக் கலந்து பூசுகிற பசை அது. பைபர் படகு ஒட்டுகிற ஆட்களிடம் கேட்டால் பெரும்பாலும் பொலியெஸ்டர் ரெசின்தான் தருவார்கள், அது மரத்தில் நன்றாகப் பிடிக்காது, ஏமாந்துவிட வேண்டாம். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன்னர் மண்கடதாசி போட்டு, அசெற்றோனால் துடைத்துவிடுங்கள்.

அன்புவழிபுரம் கணக்கு:
முறுக்குவது விரிவதால் இல்லை அக்கா. தட்டையான சரி வட்டங்கள் மூன்றால் இந்தப் பூட்டு அமையவே அமையாது, இது கணிதத்தில் நிறுவப்பட்டது. படத்தில் வட்டமாக வரைகிறார்கள், உண்மையான வளையமாகச் செய்யும்போது எங்காவது ஒன்று வளைந்து கொடுத்தே ஆக வேண்டும். நீள்வட்டமாகச் செய்யுங்கள். மூன்றும் ஒரே அளவாக இருக்கலாம், ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும், ஒவ்வொன்றின் ஒடுக்கமான பக்கமும் அடுத்ததன் நீளமான பக்கத்துக்கு உள்ளே அடங்கும். 18க்கு 13 சென்ரிமீற்றர் என்று எடுத்தால் முனையில் வளைவின் ஆரை ஏறத்தாழ 47 மில்லிமீற்றர் வரும், 1 மில்லிமீற்றர் பட்டை அதற்குத் தாங்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சென்னை திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில் தூண் ஒன்றில் இதே பூட்டை மூன்று முக்கோணங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். வட்டம்தான் வேண்டும் என்றில்லை.

கிண்ணியாப் பட்டறை:
நீள்வட்டம் என்றால் இன்னொரு வழியும் சொல்கிறேன். வாயை முதலிலேயே விடாதீர்கள். வாயோரத்தில் ரியூப்பின் இறுக்கம் குறைவு, அங்கேதான் முதலில் பிரியும். பட்டையை அச்சைச் சுற்றிப் பாய் சுருட்டுகிற மாதிரி ஆறு சுற்றுச் சுற்றி, மூடிய வளையமாக ஒட்டி, நன்றாக இறுகிய பிறகு வாளால் வாயை வெட்டுங்கள். மூன்று மீற்றர் நீளப் பட்டை மரக்காலையில் கிடைக்காது, துண்டுகளாகப் போடுங்கள், ஆனால் ஒரு மூட்டின்மேல் அடுத்த மூட்டு விழக்கூடாது. சுற்றின் தொடக்கத்தையும் முடிவையும் மெலிதாகச் சீவிவிடுங்கள். வாயை முனை வளைவில் வைக்காமல் நீளப் பக்கத்தின் நடுவில் வையுங்கள். அச்சில் பொலித்தீன் சுற்ற மறக்க வேண்டாம், எபொக்சி பிடித்தால் அச்சோடு போய்விடும்.

உப்புவெளித் தச்சு:
இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். நீள்வட்ட அச்சு செய்தேன், பட்டைகளை ஐந்து நாள் காயவிட்டேன், சுருட்டி ஒட்டினேன். முதல் வளையத்தை வெட்டும்போது கைநடுக்கம். வாள் கடைசி இழையைக் கடந்ததும் டக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். 8 மில்லிமீற்றர் வெட்டினேன், அளந்தால் 11. அடுத்த நாளும் 11தான். வெட்டிய முகத்தில் ஆறு கோடுகள் புத்தகத்தின் தாள் போல ஒட்டியிருக்கின்றன, எங்கும் நகம் போகவில்லை.

அதனால் மற்ற இரண்டையும் 5 மில்லிமீற்றர்தான் வெட்டினேன். இரண்டும் 8க்கு வந்து நின்றன. மூன்றும் முறுக்கமில்லாமல் சேர்கின்றன. எபொக்சி முழுதாக இறுக ஒரு கிழமை விட்டு, ஓரங்களை உருட்டித் தேய்த்து, தேன்மெழுகு பூசிவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கொடுப்பேன். 11 வந்த வளையத்தை மட்டும் திரும்பச் செய்ய வேண்டும், பட்டை இன்றைக்கு ஊறப்போட்டாயிற்று.