மறு: எண்டோஸ்கோப்பில் மறைப்பைத் தாண்டிக் காண்பதற்கு என்ன சொல் வைக்கலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையை முதல் மடலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். எண்டோஸ்கோப், அதாவது உடலுக்குள் செலுத்தும் கேமராக் குழாய், தரும் படத்தைப் புகை போன்றவை மறைக்கும்போது, கணினியால் அந்த மறைப்பைத் தாண்டிக் காட்டுவதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார்கள். இதுவரை வந்த பரிந்துரைகள் ஊடுநோக்கு, திரைவிலக்கம், மறைப்பு நீக்கம், தேற்றல். எதுவும் மோசமான சொல் இல்லை. ஆனால் இந்த ஒரு பெயருக்குள் நாம் அடைக்கப் பார்ப்பது ஒரே வேலை அல்ல. படச்செயலாக்கத்தில் வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு இது பெரிதாக உறுத்துகிறது.

> உள்ளே எது மறைத்தாலும் சரி, மறைப்பு போய்ப் படம் தெரிகிறது. ‘மறைப்பு நீக்கம்’ என்றே வைத்துவிடலாமே.

ஐயா, மறைப்பது எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மின்சூட்டுக் கருவியால் திசுவை வெட்டும்போது புகை எழுகிறது. வெளியே குளிர்ந்திருந்த லென்ஸ், 37 டிகிரி வெப்பமும் ஈரமும் உள்ள உடலுக்குள் போனதும் ஆவி படிகிறது. குடலில் நுரையும் சளியும் இருக்கும். இரத்தம் வேறு. ஈரமான திசுவில் பட்டு நேராகத் திரும்பும் ஒளி வெள்ளை வெள்ளையாகப் பளிச்சிடும்.

இவற்றை மருத்துவர்கள் கையாலேயே நீக்குகிறார்கள். புகையை உறிஞ்சி எடுக்கிறார்கள், நுரையை உடைக்கும் சிமெதிகோன் மருந்து கலந்த நீரை விடுகிறார்கள், லென்ஸைக் கழுவுகிறார்கள். இதுவும் மறைப்பு நீக்கம்தான். கருவியின் கையேட்டில் “மறைப்பு நீக்கத்தை இயக்கவும்” என்று எழுதினால், செவிலியர் உறிஞ்சியைத் திருப்புவாரா, திரையில் பொத்தானை அழுத்துவாரா? புகை வயிற்றுக்குள்ளேயே இருக்க, படத்திலிருந்து மட்டும் அதன் விளைவை எடுப்பதற்குத் தனிச்சொல் வேண்டும்.

அதற்கு நான் முன்வைப்பது ‘மூட்டநீக்கம்’. பனிமூட்டம், மேகமூட்டம், புகைமூட்டம் என்று எல்லோர் வாயிலும் இருக்கும் சொல். புகை என்பது பொருள். மூட்டம் என்பது அந்தப் பொருளால் பார்வைக்கு நேர்வது. அல்காரிதம் புகையைத் தொடுவதில்லை, மூட்டத்தைத்தான் எடுக்கிறது. ‘மூட்டம் நீக்கிய படம்’, ‘மூட்டநீக்கி’ என்று சொல் தடையில்லாமல் வளைகிறது. புகையை உறிஞ்சுவதைப் ‘புகையகற்றல்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

சரி, இந்தச் சொல் எதுவரை செல்லும்? இங்கே கொஞ்சம் இயற்பியல் தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூட்டத்துக்கான கணக்கின் வேர் 1924-ல் கோஷ்மீடர் எழுதிய வளிமண்டலப் பார்வைக் கோட்பாட்டில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு பிக்சலிலும் இரண்டு ஒளி கலந்திருக்கிறது. ஒன்று, பொருளிலிருந்து கிளம்பி வழியில் குறைந்துபோய் வந்து சேர்ந்த ஒளி. மற்றது, மூட்டமே சிதறடித்து அனுப்பிய வெளிறல். வெளிறல் எவ்வளவு என்று கணித்துக் கழித்து, மீதியைப் பெருக்கினால் பொருளின் நிறம் திரும்பக் கிடைக்கும். 2009-ல் கைமிங் ஹேயும் அவருடன் இருவரும் ஒரே படத்திலிருந்து அந்த வெளிறலைக் கணிக்க வழி சொன்னார்கள். வானம் தவிர்த்த வெளிப்புறக் காட்சிகளில், எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றாவது மிக இருண்டிருக்கும் பிக்சல் அநேகமாக இருக்கும். அது வெளுத்திருந்தால் அந்த வெளுப்பு மூட்டத்தின் கணக்கு.

உடலுக்குள் இது அப்படியே பொருந்தாது. வெளியே மூட்டம் எங்கும் ஏறக்குறைய ஒரே ஒளியில் இருக்கிறது. எண்டோஸ்கோப்பிலோ விளக்கு கேமராவின் பக்கத்திலேயே அமர்ந்து அதோடு நகர்கிறது. முனைக்கு அருகே உள்ள புகை கண்ணைக் கூசும், தள்ளி இருப்பது மங்கும். புகையும் சீராகப் பரவாமல் சுருள் சுருளாக ஓடும். அதனால்தான் இன்று பெரும்பாலும் நரம்பு வலையமைப்புகளை, அதாவது படங்களைக் காட்டிக் கற்பிக்கப்படும் கணினி நிரல்களை, பயிற்றுகிறார்கள். ஒரே இடத்தை ஒரே நொடியில் புகையோடும் புகையில்லாமலும் படம்பிடிக்க முடியாதே! ஆகவே தெளிந்த படத்தின்மேல் கணினியில் செய்த புகையைப் பூசிப் பயிற்சி கொடுப்பதும் உண்டு.

இனி என் கவலைக்கு வருகிறேன். திசுவின் ஒளியில் பாதி வந்து சேர்ந்தால் கணக்கு சுலபம். இருபதில் ஒரு பங்குதான் வந்தது என்று வையுங்கள். 256 படிகளில் பதிய வேண்டிய ஒளிவேறுபாடு வெறும் 13 படிக்குள் நசுங்கிவிடும். அதை இருபது மடங்கு பெருக்கினால் இரைச்சலும், அதாவது படத்தில் கலந்திருக்கும் தாறுமாறான புள்ளிகளும், இருபது மடங்காகும். ஒன்றுமே வந்து சேரவில்லை என்றால் பெருக்க ஏதுமில்லை. ஆனாலும் நரம்பு வலையமைப்பு அங்கே வெற்றிடம் விடாது. பயிற்சியில் பார்த்த ஆயிரக்கணக்கான படங்களை ஒட்டி, அந்த இடத்தில் வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படி ஒரு திசுவை வரைந்து வைக்கும். அழகாகவும் இருக்கும். வழக்கமாக இருப்பது நலமான சளிச்சவ்வு. அந்தப் புகைக்குப் பின்னால் இருப்பது கசியும் இரத்தநாளமாகவோ தட்டையான கட்டியாகவோ இருந்தால்?

இதையும் மூட்டநீக்கம் என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே எதுவும் நீக்கப்படவில்லை, இட்டு நிரப்பப்பட்டிருக்கிறது. ‘ஊகநிரப்பு’ என்று சொல்லலாம். சொல்லைக் கேட்டதும் அறுவை செய்பவருக்கு இது கண்டதல்ல, ஊகித்தது என்று உறைக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு. கேமரா நகரும்போது இப்போது மறைந்த இடம் ஒரு நொடி முன்பு தெரிந்திருக்கலாம்; வீடியோவின் அந்த முந்தைய சட்டகத்திலிருந்து எடுத்துப் பொருத்துவார்கள். இது ஊகமல்ல, உண்மையாகவே கண்டது. ஆனால் மூச்சிலும் நாடித்துடிப்பிலும் திசு அசைகிறது, கத்தி வேறு நடுவில் வேலை செய்திருக்கும். முன்பு கண்டது இப்போது அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ‘கண்டுநிரப்பு’ சரியாக வருமா? ஊகநிரப்பு, கண்டுநிரப்பு என்று இணையாக நிற்கும்போது வேறுபாடு தானாகவே விளங்குகிறது என்பது என் எண்ணம்.

> ‘ஊடுநோக்கு’ சுருக்கமாக, அழகாக இருக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

விட வேண்டாம் அம்மா, அதற்கு உரிய இடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக வைத்தால், எக்ஸ்ரேக்கு நாம் ஊடுகதிர் என்பதால், உறுப்பையே துளைத்துப் பார்ப்பதாக நினைக்கத் தோன்றும். இரத்தத்தின் விஷயம் வேறு. ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் நன்றாக உறிஞ்சும். 600 நானோமீட்டருக்கு மேலே சிவப்பில் உறிஞ்சுவது வெகுவாகக் குறையும். அதனால் ஒளியின் அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்து, மெல்லிய இரத்தப் படலத்தைத் தாண்டிக் கசிவின் இடத்தைத் தேட முடிகிறது. இங்கே ஒளி மெய்யாகவே ஊடே போய்த் திரும்புகிறது. ஊடுநோக்கு இதற்குத்தான் பொருத்தம்.

தேற்றல் பற்றி. உண்மையில் எனக்கு மிகவும் பிடித்த சொல் அதுதான். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை தெளிவிப்பதுபோல, புதிதாக எதையும் சேர்க்காமல் இருப்பதையே தெரியச் செய்வது என்ற பொருள் அதில் இருக்கிறது. ஆனால் கணிதத்தில் தேற்றம் என்பது வேரூன்றிவிட்டது. படச்செயலாக்கக் கட்டுரை எதிலும் கணிதம் இருக்கும்; ஒரே பத்தியில் தேற்றமும் தேற்றலும் வந்தால் மாணவர் தடுமாறுவார். வருத்தத்தோடுதான் தள்ளிவைக்கிறேன்.

திரைவிலக்கம் வேண்டாம். இந்தத் துறையில் திரை என்றால் மானிட்டர்.

வெண்பளிச்சிடலுக்கு என்னிடம் இன்னும் சொல் அமையவில்லை. அங்கே கேமராவின் உணரி நிரம்பி, 256 படிகளில் உச்சமான 255-ல் முட்டி நின்றுவிடுவதால், பிறகு கணினியில் செய்வது எதுவும் நிரப்புவகையில்தான் சேரும். படம்பிடிக்கும்போதே ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த முனைவாக்கிகளால் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகளால்) தடுத்தால் அது வேறு கதை. ‘மினுக்கு’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ‘மினுக்குத் தடுப்பு’, ‘மினுக்கு நிரப்பு’ என்று சொல்லிப் பார்த்தேன், நாவில் நன்றாகவே வருகிறது. அறுவை அரங்கில் வேலை செய்கிறவர்கள் இதற்கும் லென்ஸில் ஆவி படிவதற்கும் தங்களுக்குள் என்ன சொல் புழங்குகிறார்கள் என்று எழுதினால், அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்